வெவ்வேறு நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்பு எண்களை ஒரே அட்டவணையில் வைக்கலாமா?

கேள்வி: வெற்றுக்கட்டம்

பல நாடுகளின் ஏற்றத்தாழ்வை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டேன். கட்டுரையின் மையமாக ஓர் அட்டவணையை வைத்திருந்தேன். அதில் மூன்று நிரல்கள்: கினி குறியீடு (ஏற்றத்தாழ்வின் அளவு; 0 என்றால் முழுச் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடமே), வறுமை விழுக்காடு, வேலையில் இருப்போர் விழுக்காடு. மூன்றுமே அந்தந்த நாட்டு அரசுகள் வீடு வீடாகச் சென்று நடத்தும் மாதிரிக் கணக்கெடுப்புகளிலிருந்து வருபவை என்பதால், ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை என்றே எண்ணியிருந்தேன்.

என்னை நிறுத்தியது இந்தியாவின் வரிசை. உலக வங்கியின் 2025ஆம் ஆண்டுக் குறிப்பின்படி இந்தியாவின் கினி 2011-12இல் 28.8 ஆக இருந்து 2022-23இல் 25.5 ஆகக் குறைந்திருக்கிறது. அமெரிக்காவின் எண் 41.8. சுலோவாக்கியா, சுலோவேனியா ஆகியவற்றின் எண்கள் 24ஐ ஒட்டியவை. இதை வைத்து, உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் இந்தியா நான்காவது என்று 2025 ஜூலையில் பெரிதாகப் பேசப்பட்டதும் நினைவிருக்கும். ஆனால் அதே உலக வங்கிக் குறிப்பு, தரவின் குறைபாடுகளால் ஏற்றத்தாழ்வு குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கக்கூடும் என்று எச்சரித்துவிட்டு, உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின் கணக்கில் இந்தியாவின் வருமானக் கினி 2004இல் 52 ஆக இருந்து 2023இல் 62 ஆக உயர்ந்திருப்பதையும் சொல்கிறது. ஒரே நாட்டுக்கு 25.5, 62 என்று இரண்டு எண்கள் இருக்க, இரண்டும் எதிரெதிர்த் திசையிலும் நகர்ந்தால், நான் எதை அட்டவணையில் எழுதுவது? கணக்கெடுப்பு நடத்தும் முறை ஓர் எண்ணை இவ்வளவு தூரம் மாற்றிவிடுமா, அல்லது நான் வேறெதையோ கவனிக்கத் தவறுகிறேனா?

மறுமொழி 1: அரைப்புள்ளி

நீங்கள் தவறவிட்டது முதலில் ஒன்றுதான். அந்த இரண்டு எண்களும் ஒரே பொருளை அளக்கவில்லை. 25.5 என்பது குடும்பங்களின் நுகர்வுச் செலவு எவ்வளவு சமமாகப் பகிரப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. 62 என்பது வரி கழிப்பதற்கு முந்திய வருமானத்தைப் பற்றியது. அதுவும் வீட்டுக் கணக்கெடுப்போடு நின்றுவிடாமல், வருமான வரிப் பதிவுகளையும் தேசியக் கணக்குகளையும் சேர்த்துப் பின்னியெடுக்கப்பட்டது. அமெரிக்காவின் 41.8, சுலோவாக்கியாவின் எண், சுலோவேனியாவின் எண் ஆகிய மூன்றும் வருமானத்தைப் பற்றியவை. ஆகவே அந்த 'நான்காவது இடம்' என்பது ஒருவருடைய உயரத்தையும் இன்னொருவருடைய எடையையும் ஒரே வரிசையில் அடுக்கிக் கிடைத்த இடம்.

வருமானம் ஏன் நுகர்வைவிடக் கூடுதலாக விரிந்து கிடக்கிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. வருமானம் அதிகமுள்ளவர் அதில் பெரும்பகுதியைச் சேமிக்கிறார். குறைவாக உள்ளவர் கடன் வாங்கியோ, சேமிப்பைக் கரைத்தோ, உறவினர் கையை எதிர்பார்த்தோ செலவைத் தாங்கிக்கொள்கிறார். மேல்முனையும் கீழ்முனையும் நடுவை நோக்கி இழுக்கப்படுவதால் நுகர்வின் கினி சிறியதாகிறது. சீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டுக்கு அந்நாட்டுத் தேசியப் புள்ளியியல் நிறுவனம் வெளியிட்ட வருமானக் கினி 0.465, அதாவது நூற்றுக்கு 46.5; அதே ஆண்டுக்கு உலக வங்கியின் தளத்தில் நுகர்வை அடிப்படையாகக் கொண்ட எண் 38.2. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஆனால் எட்டுப் புள்ளி வேறுபாடு. (கணக்கிடும் முறையிலும் சில வேறுபாடுகள் உண்டு என்பதால் முழு எட்டையும் இதன் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.)

உலக வங்கியின் தளம் இதை மறைப்பதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் அது வருமானமா நுகர்வா என்ற குறிப்பு இருக்கும். இலத்தீன் அமெரிக்க நாடுகளும் செல்வந்த நாடுகளும் பெரும்பாலும் வருமானத்தையும், ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பெரும்பாலும் நுகர்வையும் அளக்கின்றன. தரவைத் தரவிறக்கி வரிசைப்படுத்தும் எவரும் முதலில் நீக்கிவிடும் நிரலும் அந்தக் குறிப்புதான்.

மறுமொழி 2: பழைய சுற்று

முந்தையவர் சொன்னது நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டுக்குப் போதுமான எச்சரிக்கை. ஆனால் அளக்கும் பொருள் மாறாமல் இருந்தும், கேள்வியின் சொற்கள் மாறியதால் மட்டுமே ஒரு நாட்டின் வரலாறு புரண்டுபோனதற்கு இந்தியத் தேசிய மாதிரி ஆய்வைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கடந்த 30 நாட்களில் உங்கள் வீட்டில் இந்தப் பொருளை எவ்வளவு பயன்படுத்தினீர்கள்?' என்று எல்லாப் பொருளுக்கும் ஒரே நினைவுக் காலத்தை வைத்துக் கேட்பதுதான் நெடுங்கால வழக்கம். 1950களின் தொடக்கத்தில் இந்த ஆய்வை உருவாக்கிய புள்ளியியலாளர் மகலனோபிசின் குழு வாரக் கணக்கையும் மாதக் கணக்கையும் சோதித்துப் பார்த்து, மாதக் கணக்கே உண்மைக்கு அருகில் இருப்பதாக முடிவு செய்திருந்தது. உலகின் பிற பகுதிகளிலோ, உணவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் கேட்டால் மக்கள் மறந்துவிடுவார்கள் என்ற கருத்து வலுத்தது. எனவே 1994 முதல் 1998 வரையிலான நான்கு சிறு சுற்றுகளில் இருவகை வினாப்பட்டியல்களையும் வெவ்வேறு குடும்பங்களிடம் வைத்துச் சோதித்தார்கள். புதிய பட்டியலில் உணவுக்கு 7 நாள். துணி, காலணி, நீடித்துழைக்கும் பொருள் போன்ற எப்போதாவது வாங்குபவற்றுக்கு 365 நாள். புதிய பட்டியலில் மொத்த நுகர்வு 15 முதல் 18 விழுக்காடு கூடுதலாக வந்தது. வறுமைக்கோட்டின் அருகில் பெருந்திரளான மக்கள் நெருக்கியடித்து நிற்பதால், அந்தச் சிறு உயர்வே வறுமை விழுக்காட்டை ஏறத்தாழப் பாதியாக்கிவிடக் கூடியதாக இருந்தது. யாருடைய தட்டிலும் ஒரு பருக்கைகூடக் கூடாமல்.

அடுத்து வந்த 1999-2000 பெருஞ்சுற்றில் சமரசமாக, ஒரே குடும்பத்திடம் உணவுக்கு 7 நாளையும் 30 நாளையும் அடுத்தடுத்த கட்டங்களில் கேட்டார்கள். விளைவை ஊகித்திருப்பீர்கள். தனித்தனியாகக் கேட்டபோது வெகுவாக விலகி நின்ற இரண்டு எண்களும், பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் நெருங்கிவந்துவிட்டன. வார எண்ணைச் சொன்னவர், மாத எண்ணைச் சொல்லும்போது அதை மனத்தில் பெருக்கிப் பார்க்கிறார். கணக்கெடுப்பாளரும் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். வறுமை 1993-94இல் இருந்த 36 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காட்டுக்கு இறங்கியதாக அரசு அறிவித்தது. பொருளாதாரச் சீர்திருத்தங்கள் வறுமையை விரட்டினவா இல்லையா என்ற பெரிய அரசியல் விவாதம், உண்மையில் ஒரு தாளில் இரண்டு கட்டங்கள் எவ்வளவு தள்ளி வரையப்பட்டன என்பதன் மீது வந்து நின்றது. பொருளாதார அறிஞர் ஆங்கசு டீட்டன் இதற்கு ஒரு வழி கண்டார்: எரிபொருள் போன்ற சில பொருள்களுக்குக் கேள்வி மாறாமல் 30 நாளாகவே இருந்ததால், அவற்றின் செலவுக்கும் மொத்தச் செலவுக்கும் பழைய சுற்றில் இருந்த தொடர்பைக் கொண்டு புதிய சுற்றைத் திருத்தினார். வறுமை குறைந்திருக்கிறது, ஆனால் அறிவிக்கப்பட்ட அளவுக்கு அன்று என்பது அவர் முடிவு.

இதில் பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று 365 நாள் கேள்வியில் இருக்கிறது. நினைவுக் காலத்தை நீட்டினால் மறதி கூடும், ஆகவே சராசரி குறையும் என்றுதானே தோன்றும்? ஆனால் எந்த ஒரு மாதத்தை எடுத்தாலும், ஏழைக் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த மாதத்தில் துணியே வாங்கியிருக்காது; அவற்றின் கட்டத்தில் சுழியம் விழும். ஓராண்டுக்குக் கேட்டால் அந்தச் சுழியம் மறைந்து ஒரு சிறு தொகை வந்து உட்காரும். எனவே சராசரி அசையாமல் இருந்தாலும் கீழ்முனை மேலே ஏறுகிறது. 2004-05 சுற்றில், அதே குடும்பங்களின் அதே விடைகளிலிருந்து, எல்லாவற்றுக்கும் 30 நாள் என்று கணக்கிட்டால் வறுமை 27.5 விழுக்காடு, எப்போதாவது வாங்கும் ஐந்து வகைகளுக்கு மட்டும் 365 நாளை எடுத்தால் 21.8 விழுக்காடு. ஏற்றத்தாழ்வு பற்றி எழுதும் உங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் கீழ்முனை ஏறினால் கினி தானாகவே குறையும்.

இப்போது உங்கள் 28.8, 25.5 ஆகியவற்றுக்கு வருவோம். 2011-12 சுற்றில் நல்ல வேளையாக மூன்று முறைகளும் கையாளப்பட்டன. ஊரகத்தில் தனிநபர் மாத நுகர்வு, சீரான 30 நாள் முறையில் 1279 ரூபாய். எப்போதாவது வாங்குபவற்றுக்கு மட்டும் 365 நாள் வைக்கும் கலப்பு முறையில் 1287. அதோடு காய்கறி, முட்டை, மீன், இறைச்சி, எண்ணெய் போன்றவற்றுக்கு 7 நாள் வைக்கும் மாற்றியமைத்த கலப்பு முறையில் 1430. நகர்ப்புறத்தில் இவை முறையே 2399, 2477, 2630. 2022-23 கணக்கெடுப்பு மூன்றாவது முறையைப் பின்பற்றியது என்பதால், 2011-12இன் மூன்றாவது முறை எண்ணோடு ஒப்பிடுவதே குறைந்தபட்ச நேர்மை. அப்படிச் செய்தாலும் இரண்டும் ஒன்றாகிவிடாது. 2022-23இல் பொருள்களின் எண்ணிக்கை 347இலிருந்து 405 ஆக உயர்ந்தது. ஒரே அமர்வில் முடித்ததற்கு மாறாக மூன்று மாதங்களில் மூன்று முறை ஒரே வீட்டுக்குச் சென்றார்கள். தாளுக்குப் பதில் கைக்கணினி வந்தது. குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் அடுக்குமுறையும் மாறியது. இவற்றில் ஒவ்வொன்றும் தனியாக எவ்வளவு எண்ணை நகர்த்தியது என்று பிரித்துச் சொல்ல, பழைய முறையிலும் ஒரு பகுதிக் குடும்பங்களிடம் அதே ஆண்டில் கேட்டிருக்க வேண்டும்.

வெற்றுக்கட்டம்

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒன்று உறுத்துகிறது. அதிகப் பொருள்களைக் கேட்டால், பலமுறை சென்றால், நினைவுக் காலத்தைச் சரியாக்கினால் கிடைப்பது மேம்பட்ட எண்தானே? மேம்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு நாம் ஏன் வருந்த வேண்டும்? எல்லா நாடுகளும் மிகச் சிறந்த முறைக்கு மாறிவிட்டால் ஒப்பீட்டுச் சிக்கலும் தீர்ந்துவிடாதா?

மறுமொழி 3: கதவுமணி

சில ஆண்டுகள் கணக்கெடுப்பாளராக வீடுகளுக்குச் சென்றவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்கிறேன். 'மிகச் சிறந்த முறை' என்று அலுவலக அறையில் வரையப்படுவது, கதவைத் தாண்டியதும் வேறொன்றாகிவிடும்.

நீளமான பட்டியல் நினைவைத் தூண்டுகிறது என்பது உண்மைதான். 1994இல் எல் சால்வடோரில் செய்த சோதனையில், விரிவான வினாப்பட்டியலைப் பெற்ற குடும்பங்களின் சராசரி நுகர்வு, சுருக்கப் பட்டியலைப் பெற்றவர்களுடையதைவிட 31 விழுக்காடு கூடுதலாக வந்தது. ஆனால் நீளத்துக்கு ஒரு விலையும் உண்டு. முதல் அரை மணி நேரத்தில் விரும்பிப் பேசுபவர், 'ஆம்' என்று சொன்னால் அதைத் தொடர்ந்து அளவு, விலை, எங்கிருந்து வந்தது என்று மூன்று கேள்விகள் வரும் என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார். பிறகு 'இல்லை' என்ற விடை பெருகத் தொடங்கும். அன்றைய இலக்கில் இன்னும் இரண்டு வீடுகள் மீதமிருக்க, நானும் அந்த 'இல்லை'களைத் துருவிக் கேட்காமல் குறித்துக்கொண்டு நகர்ந்த நாள்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே பட்டியலில் ஒரு பொருள் முன்பக்கத்தில் இருக்கிறதா பின்பக்கத்தில் இருக்கிறதா என்பதும் முறையின் ஒரு பகுதியே. எந்த அறிக்கையின் பின்னிணைப்பிலும் அது இடம்பெறுவதில்லை.

மறதிக்கு எதிரான இன்னொரு பிழையும் உண்டு. 'கடந்த 7 நாள்' என்றால் மக்கள் பத்து நாளுக்கு முன் வாங்கியதையும் உள்ளே இழுத்துவிடுவார்கள். பெரிய வாங்கல்களில் இது கூடுதலாக நடக்கும். இதைத் தடுக்க, முதல் வருகையை எல்லைக்கல்லாக நட்டுவிட்டு, இரண்டாவது வருகையில் 'நான் போன முறை வந்த பிறகு' என்று கேட்கும் உத்தி 1960களிலிருந்தே அறியப்பட்டது. குறுகிய காலத்தில் இப்படி முன்னிழுத்தல், நீண்ட காலத்தில் மறதி. கானாவில் அடிக்கடி வாங்கும் பொருள்களை வைத்துச் செய்த ஆய்வில், நினைவுக் காலத்தில் ஒவ்வொரு நாள் கூடும்போதும் சொல்லப்பட்ட செலவு சராசரியாக 2.9 விழுக்காடு குறைந்தது. எந்த இடத்தில் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன என்பது பொருளுக்குப் பொருள், மக்களுக்கு மக்கள் மாறும். எனவே ஒரு நாட்டின் மிகச் சிறந்த முறை இன்னொரு நாட்டில் மிகச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு நாடுகளிலும் ஒரே வினாப்பட்டியலை அச்சடித்துக் கொடுத்தாலும் இரண்டிலும் ஒரே அளவு பிழை விழும் என்று எவரும் உறுதி தர முடியாது.

தான்சானியாவில் 2007-08இல் ஏறத்தாழ 4000 குடும்பங்களை எட்டுக் குழுக்களாகக் குலுக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழுவிடமும் ஒவ்வொரு முறையில் நுகர்வைக் கேட்டார்கள்: நீளப் பட்டியல், சுருக்கப் பட்டியல், 7 நாள், 14 நாள், குடும்ப நாட்குறிப்பு, ஒவ்வொருவருக்கும் தனி நாட்குறிப்பு என்றெல்லாம். அதே தரவிலிருந்து பசியுள்ளோரின் விகிதத்தைக் கணக்கிட்டபோது, முறையைப் பொறுத்து அது 19 விழுக்காட்டிலிருந்து 68 விழுக்காடு வரை இருந்தது. குலுக்கல் முறை என்பதால் குழுக்களுக்கிடையே உண்மையான வேறுபாடு இருக்க வழியில்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிய நாட்குறிப்போடு ஒப்பிட்டால், நினைவிலிருந்து சொல்லும் முறையில் விடுபட்டது ஏழைக் குடும்பங்களிலும் வயது வந்தோர் பலர் உள்ள குடும்பங்களிலும் கூடுதல். ஒருவரே எல்லோருக்காகவும் விடை சொல்லும்போது, மற்றவர்கள் வெளியே உண்டதும் குடித்ததும் அவருக்கு எப்படித் தெரியும்? அதாவது பிழை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. சமமாக விழுந்திருந்தால் ஒரு பெருக்கெண்ணைக் கொண்டு திருத்திவிட்டுப் போயிருக்கலாம்.

மறுமொழி 4: ஒரே உலை

உங்கள் கேள்வியின் தலைப்பிலேயே 'குடும்பம்' என்ற சொல் இருப்பதால் இதையும் கேட்டுவிடுகிறேன். எந்தக் குடும்பம்? இந்தியக் கணக்கெடுப்பில் ஒன்றாக வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களே ஒரு குடித்தனம். அமெரிக்காவில் ஒரு குடியிருப்பில் வாழும் எல்லோரும், உறவானாலும் இல்லாவிட்டாலும், ஒரு குடித்தனம். முதல் வரையறையில் ஒரே வீட்டில் தனித்தனியாகச் சமைக்கும் அண்ணனும் தம்பியும் இரண்டு குடித்தனங்கள், இரண்டாவதில் ஒன்று. மாலியில் வரையறையின் சொற்களை மட்டும் குலுக்கல் முறையில் மாற்றி ஒரு சோதனை செய்து, குடித்தனத்தின் அளவும் சொத்தும் அதற்கேற்ப மாறுவதைக் காட்டியிருக்கிறார்கள்.

குடித்தனத்தின் அளவு மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், வகுக்கும் எண் மாறிவிடும். இரண்டு பெரியவர்களும் பதினான்கு வயதுக்குட்பட்ட ஆறு குழந்தைகளும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். உலக வங்கியும் இந்தியாவும் செய்வதுபோலத் தலைக்கு வகுத்தால் வகுக்கும் எண் 8. ஐரோப்பியக் கணக்கில் முதல் பெரியவருக்கு 1, அடுத்தவருக்கு 0.5, குழந்தைக்கு 0.3 என்று கூட்டினால் 3.3. பல நாடுகளின் வருமானத் தரவைத் தொகுக்கும் இலக்சம்பர்க் வருமான ஆய்வைப் பயன்படுத்துவோர் வழக்கமாகச் செய்வதுபோல் வர்க்கமூலம் எடுத்தால் 2.8. தனியாக வாழும் ஒருவருக்கோ மூன்றிலும் 1. ஆக, பெரிய குடும்பங்கள் மலிந்த நாடு தலைக்கணக்கில் ஏழையாகவும் வர்க்கமூலக் கணக்கில் அவ்வளவு ஏழையல்லாததாகவும் தெரியும். எது சரி என்பது, எட்டுப் பேர் ஒரு கூரையையும் ஒரு விளக்கையும் பகிர்வதால் எவ்வளவு மிச்சமாகிறது என்ற கேள்வி; அதற்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்களாவது தங்களுக்குள் ஒப்பிடத் தக்கவை என்று நினைப்பீர்கள். ஒரே வருமான ஆய்வு, ஒரே வரையறை, நடுநிலை வருமானத்தில் (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்) 60 விழுக்காடு என்ற ஒரே வறுமைக்கோடு. ஆனால் டென்மார்க், பின்லாந்து, சுவீடன், நெதர்லாந்து, சுலோவேனியா போன்றவை வருமானத்தை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மற்றவற்றில் பல, மக்களிடம் கேட்டுப் பெறுகின்றன. பெரும்பாலான நாடுகள் முந்திய நாட்காட்டி ஆண்டின் வருமானத்தைக் கணக்கில் கொள்ள, அயர்லாந்து கேட்கும் நாளுக்கு முந்திய 12 மாதங்களை எடுத்தது. பிரிட்டன் அந்த ஆய்வில் இருந்தவரை நடப்பு வருமானத்தை ஆண்டுக்கு நீட்டிக் கணக்கிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே அளவு பொருந்தாத உடல்களுக்கு ஒரே துணியில் தைத்த சட்டைகள் அவை.

உங்கள் மூன்றாவது நிரல், அதாவது வேலையில் இருப்போர் விழுக்காடு, இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. 2013இல் நடந்த பத்தொன்பதாவது பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ செய்யும் பணியை மட்டுமே வேலைவாய்ப்பு என்று வரையறுத்தது. தன் வீட்டு உணவுக்காகவே பயிரிடுபவர் 1982ஆம் ஆண்டு வரையறையில் வேலையில் இருப்பவர். புதிய வரையறையில் அவர் உழைக்கிறார், ஆனால் வேலையில் இல்லை. ஒரு நாடு புதியதற்கு மாறி, பக்கத்து நாடு மாறாமல் இருந்தால், முன்னதில் ஒரே ஆண்டில் உழவர்கள் காணாமல் போனதுபோல் தோன்றும்.

மறுமொழி 5: விடுபட்ட வீடு

இதுவரை பேசியதெல்லாம் கதவைத் திறந்தவர்களைப் பற்றி. திறக்காதவர்களும், கதவையே எட்ட முடியாத இடங்களும் இருக்கின்றன.

இலங்கையின் குடும்ப வருமான, செலவின ஆய்வில் போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கின் பகுதிகள் விடுபட்டன. போர் முடிந்த பிறகு நடந்த 2009/10 ஆய்விலும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்கள் சேரவில்லை. 2012/13 ஆய்வு 25 மாவட்டங்களையும் எட்டியது. அந்த ஆண்டுகளை ஒரு கோட்டால் இணைத்து வரையும்போது, கோட்டின் ஒரு முனையில் இருக்கும் நாடு மறுமுனையில் இருக்கும் நாடன்று. அதுவும் விடுபட்டவை பேரழிவைச் சந்தித்த மாவட்டங்கள்.

செல்வந்த நாடுகளில் சிக்கல் வேறு உருவில் வருகிறது. பிரிட்டனின் தொழிலாளர் ஆய்வில் விடையளிப்போர் வெகுவாகக் குறைந்துபோனதால் 2023 அக்டோபரில் அதன் மதிப்பீடுகளை வெளியிடுவதையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அமெரிக்கச் சமூக ஆய்வின் 2020ஆம் ஆண்டு எண்கள், பெருந்தொற்றுக் காலத்தில் விடையளித்தவர்கள் வசதியானவர்கள் பக்கமாகச் சாய்ந்துவிட்டதால், வழக்கமான வடிவில் வெளியாகவே இல்லை. பெருஞ்செல்வர்கள் எந்த நாட்டிலும் கதவைத் திறப்பது அரிது. பிரிட்டன் அந்த இடைவெளியை வரிப் பதிவுகளைக் கொண்டு திருத்துகிறது, பெரும்பாலான நாடுகள் திருத்துவதில்லை. ஏற்றத்தாழ்வை ஒப்பிடும்போது இதுவும் ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏற்றிய தராசுதான்.

வெற்றுக்கட்டம்

எல்லாவற்றையும் இருமுறை படித்தேன். அட்டவணையை இப்படி மாற்றியிருக்கிறேன்: வருமான நாடுகளையும் நுகர்வு நாடுகளையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன். வேலை நிரலை முழுவதும் நீக்கிவிட்டேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் நினைவுக் காலம், தலைக்கு வகுத்ததா, ஐரோப்பிய முறையிலோ வர்க்கமூலத்தாலோ வகுத்ததா, விடுபட்ட பகுதி எது என்று மூன்று குறிப்புகளைச் சேர்த்தேன். இந்தியாவுக்கு 2011-12, 2022-23 இரண்டையும் வைத்து, நடுவில் ஒரு முறிவுக்கோடு போட்டிருக்கிறேன். வறுமை நிரலுக்கு உலக வங்கியின் நாளொன்றுக்கு 3 டாலர் கோட்டை எடுத்தால் நாடுகளுக்கிடையே ஒரே அளவுகோல் கிடைத்துவிடும் அல்லவா?

பழைய சுற்று

கோடு ஒன்றாக இருக்கும். அதனால் வெட்டப்படும் துணிதான் வேறு வேறு. 2025 ஜூனில் அந்தக் கோடு 2.15 டாலரிலிருந்து 3 டாலருக்கு உயர்ந்தபோது, 2022ஆம் ஆண்டுக்கான உலக ஏழைகளின் எண்ணிக்கை 71 கோடியிலிருந்து 84 கோடியை ஒட்டி உயர்ந்தது. இந்தியாவின் புதிய கணக்கெடுப்பு அதே திருத்தத்தில் சேர்ந்து எண்ணிக்கையைக் கீழே இழுத்திராவிட்டால் உயர்வு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். ஆகவே அந்த நிரலின் தலைப்பில் கோட்டை மட்டும் எழுதாமல், எந்தத் திருத்தத்தின்படி எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. இந்தியாவுக்கு 2022-23இல் ஊரகத்தின் 3773 ரூபாயும் நகரத்தின் 6459 ரூபாயும் அரசு இலவசமாகத் தந்த பொருள்களின் மதிப்பைச் சேர்க்காத எண்கள். சேர்த்தால் 3860, 6521. சொந்த வீட்டுக்கான கற்பித வாடகை (அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் கொடுத்திருக்கக்கூடிய தொகை) இரண்டிலும் இல்லை. அதைச் சேர்த்துக்கொள்ளும் நாடுகள் பல உண்டு. உங்கள் நுகர்வுப் பிரிவில் உள்ள மற்ற நாடுகள் அதைச் சேர்த்திருக்கின்றனவா என்று பார்த்து, நான்காவது குறிப்பாக எழுதிவிடுங்கள். முறிவுக்கோடு போட்டது சரி. ஆனால் கோட்டுக்கு இடப்புறம் வைத்த 28.8 எந்த நினைவுக் காலத்துக்கு உரியது என்பதை அதன் தலையிலேயே எழுதாவிட்டால், அட்டவணையை எடுத்துப் பயன்படுத்தும் அடுத்தவர் உங்கள் கோட்டை அழித்துவிட்டு இரண்டையும் இணைத்துவிடுவார்.